பதினாலு பஸ், நாலு தடம்

கணக்கு டீச்சர் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் ஆகாது, யார் யாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? கல்லூரி ஒன்று மாணவர்களுக்காகக் கணித ஆய்வரங்கம் நடத்துகிறது, நாலு மாதம் இருக்கிறது, புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை நீங்களே தேடிப் பிடித்து நீங்களே பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வருகைப்பதிவேட்டைப் பார்த்து இரண்டு இரண்டு பேராகப் படித்துக்கொண்டே போனார். பதினேழும் பதினெட்டும் ஒரு ஜோடி என்றதும் வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது.

பதினேழு, சின்னவள். வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் வந்த பெயர், உருவமும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டதால் பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. பதினெட்டு, நெட்டை. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் இரண்டு பேரும் ஒரே தெருவழியாக ஒன்றாகப் பள்ளிக்கு வந்தவர்கள்தான். அதற்கப்புறம் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

காரணம் டிப்போ. தெருக்கோடியில் உயரமான சுவர்களுக்கு நடுவே இருக்கிற சின்ன பஸ் டிப்போ அது. பதினாலு பஸ், அவற்றை நிறுத்த நாலு தடம். இருட்டுகிற நேரத்திலிருந்து பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். வழியில் நெரிசல், பஞ்சர், மழை என்று ஆயிரம் இருப்பதால் எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் கிளம்புவது அட்டவணைப்படிதான். முதலில் கிளம்ப வேண்டியதன் கண்ணாடியில் சாக்பீஸால் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படிப் பதினாலு வரைக்கும் எழுதியிருப்பார்கள். வருகிற பஸ்ஸை எந்தத் தடத்தில் விடுவது என்று கேட்டில் நின்று கை காட்டுகிறவர் சின்னவளின் அப்பா. காலையில் பஸ்கள் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்புவார். டிப்போவில் அவருக்குப் பெயரே கைகாட்டிதான்.

நெட்டையின் அப்பா அங்கே மெக்கானிக்.

ஒருநாள் விடிகாலை, மூன்றாவதாகக் கிளம்ப வேண்டிய பஸ் மற்ற பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க, முன்னால் நின்ற இரண்டை முற்றத்துக்குக் கொண்டுவந்து திருப்ப வேண்டியதாயிற்று. மெக்கானிக் வேறொரு பஸ்ஸின் பின்பக்கம் குனிந்து மூடியை முடுக்கிக்கொண்டிருந்தார். பின்னோக்கி வந்த பஸ்ஸின் டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

மூன்று மாதம் விசாரணை நடந்தது. 'போதுமான தடங்கள் இருந்தன. அதனால் வாகனங்களை முறையாக நிறுத்தாததே விபத்துக்குக் காரணம்' என்று அறிக்கை வந்தது. டிரைவருக்கு எச்சரிக்கை. கைகாட்டிக்குப் பதவி இறக்கம், டயர் ஸ்டோருக்கு மாற்றம். அவர் மறுத்து ஒரு வரி எழுதவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மெக்கானிக் வீட்டில் உடம்பைக் கிடத்தியிருந்தபோது வாசல் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பியவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் நாள் இரண்டு பேரும் கணக்கு அறையில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் நெட்டை பையிலிருந்து நாலாக மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து நடுவில் வைத்தான். விசாரணை அறிக்கையின் நகல். மடிப்பு ஒவ்வொன்றும் கிழியும் பதத்தில் இருந்தது.

"என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. வேற எதுவும் எனக்குத் தோணல," என்றான். "முந்தின நாள் சாயங்காலம் எந்த பஸ்ஸுக்கு அப்புறம் எந்த பஸ் வந்துச்சுன்னு இதுல இருக்கு. வேற மாதிரி நிறுத்தியிருந்தா காலைல எதையும் நகத்தாம எடுத்திருக்க முடியுமா, முடியாதா?"

சின்னவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "முடியாதுன்னு வந்தா?"

"முடியாதுன்னு எழுதுவோம்."

"முடியும்னு வந்தா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "முடியும்னு எழுதுவோம். உனக்கு வேண்டாம்னா டீச்சர்கிட்ட சொல்லி ஜோடிய மாத்திக்கோ."

அவள் மாற்றிக்கொள்ளவில்லை. ரோஷமா, நப்பாசையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முடியாது என்றுதான் வரும், அப்பா நிமிர்ந்து நடப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது என்பது மட்டும் உண்மை.

பழைய காலண்டர் அட்டையில் பதினாலு துண்டு வெட்டி எண் போட்டார்கள். விதிகள் எளிமையானவைதான். ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு முனையிலும் சங்கிலி உண்டு. பஸ் பின்முனையில் நுழையும். காலையில் முன்முனைச் சங்கிலியைக் கழற்றினால் முதலில் வந்தது முதலில் போகும். பின்முனையைக் கழற்றினால் கடைசியாக வந்தது முதலில் போகும். இரண்டில் ஒன்றைத்தான் கழற்றலாம், அது டிப்போவின் கண்டிப்பான சட்டம். ஆக, ஒரு தடத்தில் நிற்கிற எண்கள் வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஏறி இறங்கினால் சிக்கல்.

அன்றைய மாலையின் வரிசையை அட்டைத் துண்டுகளால் எத்தனையோ விதமாக அடுக்கிப் பார்த்தார்கள். எப்படி வைத்தாலும் ஒரு பஸ் தெருவில் நின்றது. "முடியல, பாத்தியா," என்று சின்னவள் சொல்லும்போது குரலில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தோஷம் நெட்டைக்குக் கேட்காமலா இருக்கும்? "நமக்கு முடியல. அது வேற," என்றான் அவன்.

பெரியது பிடிபடவில்லை என்றால் சின்னதிலிருந்து வா என்றார் டீச்சர். வந்தார்கள். ஒரே ஒரு தடம் என்றால் இரண்டு பஸ்ஸை எப்படி வந்தாலும் நிறுத்திவிடலாம், மூன்று வந்தால் நிச்சயமில்லை. இரண்டு தடம் என்றால் ஐந்து பஸ். ஆறு என்றால் ஒன்று, மூன்று, இரண்டு, ஆறு, ஐந்து, நாலு என்று வந்து கழுத்தறுக்கும். மூன்று தடத்துக்கு நெட்டை ஒரு புரோகிராம் எழுதினான். ஒன்பது பஸ் வரக்கூடிய மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வரிசைகளைப் பள்ளிக் கம்ப்யூட்டர் முக்கி முனகி ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"என்ன, கேம் ஆடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று எட்டிப் பார்த்தார் கம்ப்யூட்டர் சார்.

"இல்ல சார், பஸ் ஓட்டுறோம்," என்றாள் சின்னவள். நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததற்காகவே அவன் முகம் உடனே இறுகியதையும் பார்த்தாள்.

மூன்று தடத்துக்கு ஒன்பது என்று வந்தது. இரண்டு, ஐந்து, ஒன்பது. இடைவெளி மூன்று, நாலு. அடுத்த இடைவெளி ஐந்தாக இருந்தால் நாலு தடத்துக்கு எத்தனை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினாலு பஸ் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் நம் ஆயுசுக்கும் ஓடும் என்று மட்டும் நெட்டை சொன்னான்.

பதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. சின்னவள் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பெரியதிலிருந்து சின்னது வரை அடுக்கியது ஒரு குவியல், கலைந்து கிடந்தது ஒரு குவியல். கை அப்படியே நின்றது.

பதினாலு பஸ் வந்த வரிசையில், எண் ஏறிக்கொண்டே போகிற ஐந்து பஸ் எங்கேயாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்த ஐந்தையும் ஒரே தடத்தில் போட்டுவிடு. மீதி ஒன்பது பஸ், மூன்று தடம். ஒன்பதுக்கு மூன்று தடம் போதும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஐந்து இல்லையா? ஏறுகிற வரிசை நாலுக்கு மேல் போகாது என்றால், ஒவ்வொரு பஸ்ஸிலும் வந்து முடிகிற மிக நீளமான ஏறுவரிசையை எண்ணிப் பார். ஒன்றோ, இரண்டோ, மூன்றோ, நாலோதான் வரும். ஒரே எண்ணிக்கை வருகிற பஸ்களை ஒரே தடத்தில் விடு. அவை தாமாகவே இறங்குவரிசையில் நிற்கும். நாலே தடம். முடிந்தது.

துணிகளை அப்படியே போட்டுவிட்டு மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவள் உடம்பே லேசாகிவிட்டது போல் இருந்தது. யாரும் சொல்லித் தராமல், எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், தன் மண்டைக்குள்ளேயே ஒரு விளக்கு எரிந்தது. அந்தச் சந்தோஷம் முழுசாக ஐந்து நிமிடம் இருந்திருக்குமா, தெரியாது. கீழே முற்றத்தில் அப்பா டயர் கறுப்பு ஒட்டிய கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. எந்த வரிசையில் வந்தாலும் பதினாலு பஸ்ஸுக்கு நாலு தடம் போதும். விசாரணை அறிக்கை சொன்னதையே அவள் நிரூபித்திருந்தாள். அவர்களாவது வாயால்தான் சொன்னார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய மாலையின் வரிசையைத் தன் வழிப்படி அடுக்கினாள். பத்தே நிமிடம். பதினாலு துண்டும் நாலு தடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தெருவில் நிற்கவில்லை.

துண்டுகளை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி நாலு நாள் அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாலு தடத்துக்கு நிரூபணம் கிடைக்கவில்லை என்று எழுதினால் டீச்சரே பரவாயில்லை என்பார். ஆனால் நெட்டை தினமும் அந்தக் கிழிந்த காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, தன் துண்டுகளை அடுக்குவதும் கலைப்பதுமாக எதிரில் உட்கார்ந்திருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் ஐம்பதாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாக்ஸைத் திறந்தாள். ஒன்றும் பேசாமல் நாலு வரிசையாக அடுக்கினாள்.

நெட்டை ஒவ்வொரு தடத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"முடிஞ்சிருக்கும்," என்றான்.

"ம்."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"சனிக்கிழமை."

"இன்னைக்கு வியாழன்."

"தெரியும்."

எழுந்து போய்விட்டான். பையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சின்னவளின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், உட்காருப்பா என்றாள். அவன் உட்காரவில்லை. சின்ன வயதில் கைகாட்டியை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவன், இப்போது அந்தச் சொல் வரவும் இல்லை, வேறு சொல் கிடைக்கவும் இல்லை.

"கணக்கு சம்பந்தமாத்தான் வந்தேன்," என்றான் மொட்டையாக. "பதினாலையும் நாலு தடத்துல சரியா அடுக்கிட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் முதல் பஸ் வந்ததுலேர்ந்து சொல்லுங்க. எத எங்க நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க."

சின்னவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. தரையைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார். எட்டாம் நம்பர் முதலில் வந்தது, ஒன்றாம் தடம். அடுத்தது பதினொன்று, அதன் பின்னால். இரண்டு வருடம் ஆகியும் பதினாலில் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. எத்தனை ராத்திரி இதையே ஓட்டிப் பார்த்திருப்பார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"மூணாம் நம்பர் கடைசிக்கு முந்தி வந்துச்சு. எங்கயும் பொருந்தல," என்றார். "எல்லாம் நின்னதுக்கப்புறம் பாத்தா, அட, இப்படி விட்டிருக்கலாமேன்னு கண்ணுக்குத் தெரியுது. நீங்க அடுக்கினது சரிதான், தம்பி. ஆனா அப்ப மாத்தி எடுக்க டிரைவருங்க யாரு இருக்காங்க? வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அடுத்து எது வரும்னு முன்னாடியே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? கேட்டுல வந்து நிக்கும்போதுதான் தெரியும். பின்னால ஹாரன் அடிக்கிறான், அந்த நிமிஷமே கை காட்டியாகணும்."

நெட்டை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "இத ஏன் விசாரணைல சொல்லல?"

"போனது ஒரு உயிரு," என்றார் கைகாட்டி. "நான் எனக்காக என்னத்தப் பேசுறது?"

அதற்கப்புறம் மூன்று நாள் நெட்டை பள்ளிக்கு வரவில்லை. முடிந்தது கதை, இனி இவன் முகத்திலேயே விழிக்க மாட்டான் என்று சின்னவள் தனியாகக் கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டாள். நாலாம் நாள் வந்தான். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன. பெஞ்சில் ஐந்தே ஐந்து துண்டுகளைக் கவிழ்த்து வைத்தான்.

"ரெண்டு தடம், அஞ்சு பஸ். நீதான் கேட்டுல நிக்கிற. நான் ஒண்ணொண்ணா அனுப்புறேன். வெச்சத மாத்தக் கூடாது."

மூன்று வந்தது, வைத்தாள். ஒன்று வந்தது, மூன்றுக்குப் பின்னால் விட்டாள். ஐந்து வந்தது, அடுத்த தடம். இரண்டு வந்தது, ஐந்துக்குப் பின்னால். நாலு வந்தது. இடமில்லை.

"மறுபடி," என்றான்.

இந்தத் தடவை மூன்றையும் ஒன்றையும் தனித்தனித் தடத்தில் விட்டாள். ஐந்தை மூன்றுக்குப் பின்னால் விட்டாள். நாலு வந்தது, ஒன்றுக்குப் பின்னால். இரண்டு வந்தது. இடமில்லை. மூன்றாவது தடவை ஐந்தை ஒன்றுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தாள். இரண்டை அனுப்பினான், மூன்றுக்குப் பின்னால் விட்டாள். அப்புறம் நாலு, அதற்கும் இடமில்லை.

"நீ அழுகுணி ஆட்டம் ஆடுற! நான் வெக்கிறதப் பாத்துட்டு அனுப்புற."

"ரெண்டே ரெண்டு வரிசைதான் எடுத்து வெச்சிருக்கேன், பாரு." எழுதிக் காட்டினான். "மூணு, ஒண்ணு, அஞ்சு, ரெண்டு, நாலு. இது ஒண்ணு. மூணு, ஒண்ணு, அஞ்சு, நாலு, ரெண்டு. இது இன்னொண்ணு. முதல் மூணு பஸ் ரெண்டுலயும் ஒண்ணேதான். முன்னாடியே தெரிஞ்சா ரெண்டையும் நிறுத்திடலாம். ஆனா முதல் வரிசைன்னா மூணும் ஒண்ணும் தனித்தனியா நிக்கணும். ரெண்டாவதுன்னா சேர்ந்து நிக்கணும். ஒண்ணாம் நம்பர் கேட்டுல நிக்கும்போது இது எந்த வரிசைன்னு யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும் முடியாது. ஏதாவது ஒண்ணுல மாட்டிப்பான்."

சின்னவள் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்கூட்டித் தெரிந்தால் ஐந்து. தெரியாவிட்டால் நாலுதான். துண்டுகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன.

"அழாத," என்றான் நெட்டை, எரிச்சலோடு. "உங்கப்பாவுக்காகப் பண்ணல. அவரு சொன்னது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ஆய்வரங்கம் நடந்த கல்லூரிக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள், கையில் சார்ட்டு, முகத்தில் பீதி. ஒரு ஜோடி பகடை பற்றிச் செய்திருந்தது, இன்னொன்று நாட்காட்டி பற்றி. சின்னவளின் அப்பா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வரவேண்டாம் என்றுதான் இருந்தார், அம்மா பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். நெட்டையின் அம்மா தையல் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து இரண்டாவது வரிசையில் இருந்தாள். டிப்போவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை, வெறும் கணக்குதான் என்று பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

முதல் பாதியைச் சின்னவள் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, ஏறுவரிசை இறங்குவரிசைக்கு வந்ததும் நடுக்கம் தானாக நின்றது. இரண்டாவது பாதியை நெட்டை சொன்னான். பார்வையாளர்களிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக் கைகாட்டியாக நிற்க வைத்து, மூன்று தடவையும் அவனை மாட்டவைத்தான். கூடம் சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். மூத்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "முதல் பாதி ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். படிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"நிரூபணம் நேர்த்தியா இருக்கு, நீங்களே கண்டுபிடிச்சதுன்னும் தெரியுது. ஆனா புதுசுன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது பாதிய இந்த உருவத்துல நான் பாத்ததில்ல. நான் பாக்காததால யாரும் பாக்கலைன்னு ஆயிடாது. தேடிப் பாருங்க."

இளைய நடுவர் முன்னால் சாய்ந்தார். "கேள்வி எங்கேர்ந்து வந்துச்சு? பொழுதுபோகாம பஸ்ஸ எண்ணிட்டு இருந்தீங்களா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். சின்னவள் தரையைப் பார்த்தாள். பேசிவைத்தபடி 'சும்மா தோணுச்சு' என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் நெட்டை பேசிவிட்டான்.

"ஒரு டிப்போலேர்ந்து சார். பதினாலு பஸ், நாலு தடம். அங்க ஒருத்தர் இறந்துட்டாரு. எங்கப்பா." கொஞ்சம் நிறுத்தினான். "பஸ்ஸ நிறுத்தினது இவங்கப்பா."

இளைய நடுவரின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக, "அப்போ அவர் மேல தப்பில்லன்னு நிரூபிச்சிருக்கீங்க," என்றார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். சின்னவள் நிமிர்ந்தாள்.

"இல்ல சார். அத எங்களால சொல்ல முடியாது. முன்னாடி தெரியாம நிறுத்தினா நாலு தடத்துல எட்டு பஸ் நிச்சயம் நிறுத்தலாம், தடத்துக்கு ரெண்டு ரெண்டா. பதினாலு முடியாதுன்னு நெனைக்கிறோம். ஆனா ரெண்டு தடத்துக்குத்தான் நிரூபிச்சிருக்கோம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போதுமான தடம் இருந்துச்சு, அதனால நிறுத்தினவர் தப்புன்னு அறிக்கைல எழுதினாங்க. அந்த 'அதனால' செல்லாது சார். தடம் போதுமா இருக்கும்போதே, ஒரு தப்பும் பண்ணாதவங்களும் மாட்டிக்கலாம். அது ஒண்ணத்தான் நாங்க காட்டியிருக்கோம்."

மூத்த நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

முதல் பரிசு பகடைக்குப் போனது. இவர்களுக்கு ஊக்கப் பரிசும் ஆளுக்கொரு சான்றிதழும் கிடைத்தன. பிற்பாடு டீச்சர் அந்தக் கட்டுரையின் நகலை ஒரு கடிதத்தோடு டிப்போ மேனேஜருக்கு அனுப்பினார். கிணற்றில் போட்ட கல்தான். கைகாட்டி இன்னும் டயர் ஸ்டோரில்தான் இருக்கிறார்.

ஆனால் அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்தபோது ஒன்று நடந்தது. கைகாட்டி தாழ்வாரத்தில் மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவி கூடத்திலிருந்து வெளியே வந்து நேராக அவரை நோக்கி நடந்தாள். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர் மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

"அண்ணே," என்றாள். "ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."

"கேளும்மா."

"அன்னைக்குக் காலைல அவரு ஏதாவது சாப்பிட்டாரா? நான் கோவத்துல எழுந்திரிக்கவே இல்ல. வெறும் வயித்தோட கிளம்பிப் போனாரு. அங்க அவரு கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். நடந்தது நடந்தப்புறம் உங்கள எப்படி வந்து கேப்பேன்?"

கைகாட்டி சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"சாப்பிட்டாரும்மா. கேண்டீன்ல டீயும் ரெண்டு பன்னும். எனக்கும் அவருதான் வாங்கித் தந்தாரு. சூடா இல்லைன்னு கேண்டீன்காரன ஒரு பிடி பிடிச்சாரு."

"கோவமா இருந்தாரா?"

"கேண்டீன்காரன் மேலதாம்மா. உங்களப் பத்திச் சொல்லும்போது சிரிச்சாரு. சாயங்காலம் போய்ச் சமாதானம் பண்ணணும், என்ன வாங்கிட்டுப் போறதுன்னு என்கிட்ட யோசனை கேட்டாரு."

அவள் அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கைகாட்டி அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். "அப்புறம்?" என்று கேட்டாள் அவள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

சுருட்டிய சார்ட்டோடு வந்த பிள்ளைகள் தாழ்வாரத்தின் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சின்னவள் அப்பாவைக் கூப்பிடப் போனாள். நெட்டை தலையசைத்துத் தடுத்தான்.

"பேசட்டும்."

படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். உள்ளே வாட்ச்மேன் நாற்காலிகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து நெட்டை பேசினான்.

"மூணு தடத்த எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"ஆறு பஸ் சும்மாவே நிறுத்திடலாம்," என்றாள் சின்னவள். "ஏழுலேர்ந்து."

அவன் பையைத் திறந்து பேனாவைத் தேடினான்.